இந்த வருடத்துச் சான்றிதழ்

1987 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து, ஓசூரில் சாரல். சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த வரி திரும்பி வந்தால், போலியோவில் கால் சூம்பிய என் மகனுக்குக் காலில் மாட்டும் நடைக்கருவி வாங்கலாம். அதற்காக ஒன்பது மாதமாக வரி அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தேன்.

அங்கிருந்த குமாஸ்தா ஒல்லியானவர். சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். யார் வந்தாலும் எழுந்து நிற்பார். நின்றபடியேதான் இல்லை என்பார். அன்றும் அப்படித்தான்.

"பையன் பேர்ல கேட்ட வரிச் சலுகைக்கு நீங்க வெச்ச டாக்டர் சர்டிபிகேட்டு போன வருசத்துதுங்க சார். இந்த வருசத்துது வேணும்."

"போன வருசம் நடக்காத காலு இந்த வருசம் நடந்துடுமாய்யா?"

"நடந்திருந்தா சந்தோசந்தானுங்களே சார்" என்றார், சிரிக்காமல்.

அது குத்தலா, வாழ்த்தா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மகனைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புதுச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தேன். பணம் அடுத்த வருடம் பொங்கல் கழித்துத்தான் வந்தது. அதற்குள் பையன் வளர்ந்துவிட்டான். முன்பணம் வாங்கிப் பெங்களூர்க் கடைக்காரர் செய்து வைத்திருந்த கருவி அவன் காலுக்கு எட்டவில்லை. வேறு செய்ய, வந்த பணத்துக்கு மேல் நான் கையிலிருந்து போட்டது இருநூற்று நாற்பது ரூபாய்.