தலைமாட்டில் நிற்பவளின் கண்கள்

என் அக்காவுக்குத் தூக்கத்தில் ஒரு குறையும் இல்லை. படுத்தால் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவளைப் பார்க்கிற அத்தனை பேரும் கேட்பது, "ராத்திரி தூங்கலையா?" என்பதைத்தான். இரண்டு கண்ணுக்குக் கீழேயும் குழி. அப்பா வைத்துவிட்டுப் போன ஒரே சொத்து. எனக்கும் பங்கு உண்டு. ஆனால் நான் அழகு நிலையம் நடத்துகிறவள். குழியை மறைக்கும் கன்சீலர் பூசாமல் பால் பாக்கெட் எடுக்கக்கூட வாசலுக்கு வரமாட்டேன்.

அக்காவுக்கு அந்த வழி இல்லை. அவள் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டருக்கு உதவியாளர். உள்ளே போனால் முகத்தில் துளி பவுடர்கூட இருக்கக் கூடாது. தொப்பிக்கும் மாஸ்க்குக்கும் நடுவே கண் மட்டும் தெரியும். நோயாளியின் தலைமாட்டில் நின்று, அவர் கன்னத்தில் கை வைத்து, "நல்லா மூச்சு இழுங்க" என்பாள். மயங்கப் போகிறவர்கள் கடைசியாகப் பார்ப்பது அந்தக் கண்களைத்தான்.

ஒரு நாள், கழுத்துக் கட்டியை எடுக்க வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, படுத்தபடி அக்காவை அண்ணாந்து பார்த்துவிட்டு அலறிவிட்டாள். "இவங்க தூங்கி வழியறாங்க! எனக்கு ஆபரேஷனே வேணாம்!" எழுந்து உட்கார்ந்தவளை யாராலும் படுக்கவைக்க முடியவில்லை. ஆபரேஷன் தள்ளிப்போனது. தியேட்டர் பொறுப்பிலிருக்கும் பெரிய நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, உங்களைக் கருவி கழுவுற பக்கம்தான் போடணும்" என்று சொல்லிவிட்டார்.

அக்கா என் கடைக்கு வந்து, சுழல் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். "அந்தத் தலைமாட்டுலதான்டி எனக்கு வாழ்க்கையே. அங்கயிருந்து எடுத்துட்டா நான் யாரு?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெண் எதிரில் இருந்திருந்தால் இரண்டு புருவத்தையும் வழித்திருப்பேன். அவள் தப்பித்தாள். நான் அக்காவைத் தோல் டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

அந்த டாக்டர் செய்த வேலையை நான் இன்றுவரை மறக்கவில்லை. அக்காவின் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். ஒரு விளக்கைத் தலைக்கு மேலே பிடித்தார். குழி ஆழமாகத் தெரிந்தது. விளக்கை மெல்ல முகத்துக்கு நேரே இறக்கினார். குழியைக் காணோம்! பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போன அக்கா அங்கே உட்கார்ந்திருந்தாள். விளக்கு மேலே போனது, மறுபடி இந்த வயசு அக்கா வந்துவிட்டாள். நாள் முழுக்க முகங்களோடு மல்லுக்கட்டுகிற நானே வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"பாதி நிழல்தாங்க," என்றார் டாக்டர். "உங்களுக்குக் கருவளையம் இல்ல, பள்ளம். க்ரீம் பூசிப் பிரயோஜனமில்ல."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். அறுவை சிகிச்சை, கண்ணுக்குக் கீழே பை மாதிரி தொங்குகிறவர்களுக்கு நல்லது. அக்காவுக்குப் பை கிடையாது. வயிற்றுக் கொழுப்பை எடுத்துக் குழியில் வைக்கலாம், ஆனால் எவ்வளவு நிற்கும், எவ்வளவு கரையும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

"கொழுப்புதானே, என்கிட்ட எடுத்துக்கோங்க" என்றேன்.

"அவங்கவங்க கொழுப்புதான் அவங்கவங்களுக்குச் சேரும்."

"இவளுக்கு அது கிடையாது டாக்டர். எங்க வீட்டுல மொத்தமும் எனக்குத்தான் வந்துச்சு." அக்கா என் தொடையைக் கிள்ளினாள்.

கடைசியில் மிஞ்சியது ஜெல் ஊசி. பள்ளத்தை நிரப்பும், ஒரு வருஷம் போல இருக்கும், பிடிக்கவில்லை என்றால் இன்னொரு ஊசி போட்டுக் கரைத்துவிடலாம். "அபூர்வமா ரத்தக்குழாய்க்குள்ள போயிட்டா பார்வைக்கே ஆபத்து. அதையும் சொல்லிடறேன்," என்றார். "போட்டா மறுநாளே வேலைக்குப் போகலாமா?" என்று கேட்டாள் அக்கா. வெள்ளிக்கிழமைக்கு நேரம் குறித்தார்கள்.

அதற்குள் என் பித்தப்பை முந்திக்கொண்டது. வலியில் சுருண்டு விழுந்தேன். கல் என்றார்கள். புதன்கிழமை என்னையே அக்காவின் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

என் வாய் எல்லாம் வாசலோடு சரி. உள்ளே போனதும் பல் கிடுகிடுத்தது. தலைக்கு மேலே பெரிய விளக்கு. சுற்றிலும் ஒரே பச்சை உடுப்பு, ஒரே தொப்பி, ஒரே மாஸ்க். யார் டாக்டர், யார் நர்ஸ், ஒன்றும் விளங்கவில்லை. காலமெல்லாம் கடையில் படுத்திருப்பவர்களைக் குனிந்து பார்த்தே பழகியவள் நான். அண்ணாந்து பார்த்ததே இல்லை.

அப்போது தலைமாட்டில், தலைகீழாக, இரண்டு கண்கள் வந்தன. அந்தக் குழிகள்!

"நான் இருக்கேன்டி."

அடேயப்பா, அதை எப்படிச் சொல்வேன்! எங்கள் வீடே வந்து என்மேல் குனிந்து நின்ற மாதிரி இருந்தது. எதைப் பூசிப் பூசி மறைத்தேனோ, அதைப் பார்த்துத்தான் என் பல் அடங்கியது. பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

சாயங்காலம் வார்டில் அக்கா கஞ்சி ஊட்டினாள். "ஊசி போட்டுக்காதேக்கா" என்றேன்.

"நீ என் தங்கச்சி. உனக்கு இந்தக் கண்ணு தெரியும். உள்ள வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். குரலில் கசப்பு இல்லை, நிஜமாகவே கேட்டாள். "அந்தப் பொண்ணு நாளைக்குத் திரும்ப வருது. மறுபடி அலறினா நான் கருவி கழுவப் போக வேண்டியதுதான்."

எனக்குத் தையல் போட்ட இடம் வலித்தது, எரிச்சல் வேறு. "தெரியலன்னா தெரிய வை! என் கடைக்கு வர்றவங்ககிட்ட நாலு வார்த்தை பேசாம நான் முகத்துல கை வைப்பேனா? நீ என்னடான்னா முகமூடி மாட்டிக்கிட்டு பின்னாலயிருந்து திடீர்னு எட்டிப் பாக்கற. நானா இருந்தாலும் அலறுவேன்!"

அக்கா அடுத்த கரண்டிக் கஞ்சியை என் வாயில் திணித்தாள்.

மறுநாள் காலை அந்தப் பெண்ணுக்கு என் பக்கத்துக் கட்டில்தான் கிடைத்தது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள். அக்கா மாஸ்க் இல்லாமல் வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு நேரே உட்கார்ந்தாள்.

"அன்னைக்குத் தூங்கி வழியறேன்னு சொன்னியே, அது நான்தான்மா. நல்லாப் பாத்துக்கோ. எங்க குடும்பத்துக்கே இப்படித்தான். நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினேன்."

அந்தப் பெண் பேயறைந்த மாதிரி பார்த்தாள்.

"நம்பிக்கை இல்லன்னா இவளைப் பாரு. என் தங்கச்சி."

ஆபரேஷனுக்காக முகம் கழுவிய நான் கன்சீலரைத் தொட்டு இரண்டு நாளாகிறது. என் குழிகள் ஊரறியக் கிடந்தன. சட்டென்று மூடிக்கொள்ளக் கை எழுந்தது. அடக்கிக்கொண்டு, முகத்தை அவள் பக்கம் நன்றாகத் திருப்பிக் காட்டினேன்.

அவள் என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். களுக்கென்று சிரித்துவிட்டாள். "ஐயோ, அப்படியே இருக்கு!"

அவளைத் தள்ளிக்கொண்டு போனபிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அலறல் எதுவும் கேட்கவில்லை. மதியம் கட்டில் திரும்பி வந்தது, கூடவே அக்காவும். அந்தப் பெண் அரை மயக்கத்தில் கண்ணைத் திறந்தாள்.

"அக்கா... உள்ள எல்லாரும் ஒரே மாதிரி இருந்தாங்க. உங்க கண்ணைத்தான் தேடினேன்."

"நீ தேடினதை நானும் பாத்தேன். தூங்கு."

அக்கா ஜன்னலோரம் போய் நின்றாள். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, அது குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்துத் தோல் டாக்டரின் கிளினிக்குக்குப் பேசினாள்.

"நாளைக்கு ஊசி போட வர்றதா இருந்தேன்... இல்லைங்க, வேற நாள் வேணாம்." அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உள்ள என்னைத் தேடுவாங்க" என்றாள்.