கையெழுத்துப் போடாத பட்டாளத்தக்கா

பம்பு தொழிற்சாலையின் உதிரிபாகக் கிடங்குக்கு அவள்தான் பொறுப்பு. ராணுவக் கிடங்கில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்ததால் எல்லோருக்கும் பட்டாளத்தக்கா. எந்த வாஷர் எந்தத் தட்டில் கிடக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவாள். கோபம் மட்டும் மூக்கு நுனியில்.

ஒருநாள் காலை புது மேலாளர் எல்லோரையும் கூட்ட அறைக்கு அழைத்தார். திரையில் ஒரு படம்: கடற்கரையில் எரியும் கப்பல்கள்.

"அந்தக் காலத்துல ஒரு தளபதி, எதிரி நாட்டுக் கரையில இறங்கினதும் வந்த கப்பலையெல்லாம் கொளுத்திட்டார். திரும்பிப் போக வழியில்லன்னாதான் மனுஷன் முழு மனசா சண்டை போடுவான். அதுதான் அர்ப்பணிப்பு!"

கைதட்டல் அடங்குமுன் அடுத்ததைச் சொன்னார். பழைய மாடல் பம்புகளின் பாகங்கள் அத்தனையும் வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்குப் போகும்; இனிப் புது மாடல் மட்டும்தான்; கிடங்குப் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும்.

பட்டாளத்தக்காவுக்குச் சுர்ரென்று உச்சிக்கு ஏறியது. எழுந்து நின்றாள்.

"அந்தத் தளபதி எரிச்சது தான் ஏறி வந்த கப்பலை, சார். அவரும் அந்தக் கரையிலதான் நின்னாரு. நீங்க எரிக்கச் சொல்றது நம்மள நம்பி வாங்கினவங்க கப்பலை. பத்து வருஷம் பாகம் கிடைக்கும்னு உத்தரவாத அட்டையில அச்சடிச்சிருக்கோம். கடைசிப் பம்பு வித்து நாலு வருஷம்தான் ஆச்சு."

"அம்மா, அது சும்மா ஒரு உதாரணம்."

"பட்டாளத்தைப் பத்தி எங்கிட்டயே உதாரணமா? மலை உச்சியில ஒரு முகாம். வண்டிப் பாதை பனியில மூடிப் பதினேழு நாள். அறுபது பேரு தாக்குப் பிடிச்சாங்க. வெறும் வீராப்புலயா? அடுப்பு கெட்டா மாத்துறதுக்குப் பர்னர் கோவேறு கழுதை முதுகுல போச்சு. பழைய மாடல் அடுப்பு சார். எடுத்துக் குடுத்தவ நான்."

மேலாளர் திரையை அணைத்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வேணும்."

வீட்டில் பஸ் கண்டக்டரான கணவன் தலையில் கைவைத்தான். "இன்னும் மூணு வருஷ சர்வீஸ். வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன?"

"திங்கறதுக்கு மட்டும் திறக்கணுமாக்கும்!" என்று தட்டைத் தள்ளி வைத்தாள்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. வெள்ளிக்கிழமை அவள் வருமுன்பே அலுவலக எழுத்தர் ஒருவரைப் போட வைத்துவிட்டார்கள். முதல் லாரி போயே போய்விட்டது. இரண்டாவதில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. உத்தரவாத அட்டையை எடுத்துக்கொண்டு நேரே முதலாளி அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை.

"படிங்க ஐயா. கீழ இருக்கிறது உங்க கையெழுத்துதானே?"

முதலாளி இரண்டு முறை படித்தார். பிறகு ஜன்னலைத் திறந்து லாரியை நிறுத்தச் சொன்னார்.

ஏற்றிய பெட்டிகளை இறக்கி அடுக்கச் சாயங்காலமாகிவிட்டது. போகிற நேரத்தில் மேலாளர் எச்சரிக்கைக் கடிதம் நீட்டினார்: ஒழுங்கு மீறல். "இதுக்குப் போடுறேன், குடுங்க" என்று பேனாவைப் பிடுங்கிப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டாள்.

முதல் லாரியில் போனவை உருக்கப்பட்டுவிட்டன. அவற்றைத் திரும்பச் செய்து வைக்க வேண்டும் என்று பட்டியல் எழுதிக் கொடுத்தாள். "பார்க்கலாம்" என்றார் முதலாளி. ஏழு மாதமாகிறது. வாராவாரம் பட்டியலோடு மாடி ஏறுகிறாள். அவரும் பார்க்கலாம் என்கிறார். படி இறங்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.