துண்டு மட்டும் வந்த பயணம்

வடகரப்பதியில் எங்கள் வீட்டு மாடியறைதான் என் அலுவலகம். மேற்குச் சன்னலைத் திறந்தால் கணவாய்க் காற்று மேசைமேல் எதையும் விட்டுவைக்காது. அதனால் தாள்களின்மேல் ஆற்றுக்கற்கள் வைத்திருப்பேன். ஒவ்வொரு கல்லுக்கும் அதற்கென்று ஓர் இடம் உண்டு.

ஒரு நிரல்மொழியின் ரன்டைமில், அதாவது நிரல் ஓடும்போது அதை அடியிலிருந்து தாங்கும் பகுதியில், எனக்கு வேலை. ஒரே சமயத்தில் பல பணிகள் அங்கே நடக்கும். ஒன்று இன்னொன்றை அழைத்துவிட்டு உறங்கிவிடும். அழைக்கப்பட்டது கை ஒழிந்ததும் அழைப்பை ஏற்று, வேலையை முடித்து, பதிலைக் கொடுக்கும். உறங்கியது விழிக்கும். அந்த அழைப்புகளுக்கு நான் பொறுப்பு. கண்ணை மூடினால், உறங்கும் பணிகள் வயலோரப் பனைகளைப் போல வரிசையாக நிற்பது தெரியும்.

அந்த ஆடியில் ஒரு பிழை வந்தது. எப்போதாவது ஒருமுறை எல்லாப் பணிகளும் அப்படியே நின்றுவிடும். திங்கட்கிழமைக்குள் அது தீராவிட்டால் நான் பெங்களூருக்கே வந்து, மற்றவர்களோடு உட்கார்ந்து வேலை செய்யவேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். எத்தனை மாதமென்று அவருக்கும் தெரியவில்லை. கணவர் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தார். இரண்டு நாள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

அழைத்த பணி ஓரளவுதான் காத்திருக்கும். நேரம் தீர்ந்தால் தன் வழியே போய்விடலாம். பிழை அங்கேதான் என்று தெரிந்தது. வரிசையில் நிற்கும்போதே விலகுபவற்றைச் சரியாக நீக்கினேன். பிறகும் பணிகள் நின்றன.

சனிக்கிழமை மூக்குக்கண்ணாடி மாற்றப் பொள்ளாச்சிக்குக் கிளம்பினேன். கொழிஞ்சாம்பாறையில் பஸ் நின்றதுமே சன்னல் வழியாக ஒரு துண்டு வந்து எனக்கு முன்சீட்டில் விழுந்தது. அந்தச் சீட்டில் சன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியவர் அதைத் தன் பக்கத்தில் நீவி விரித்தார். பஸ் நிறைந்து கிளம்பியது. துண்டுக்காரர் வரவில்லை.

"ஏனுங்க, இங்க ஆளுங்களா?" என்றார் பையோடு நின்ற ஒரு பெண்.

"ஆளிருக்குதுங்க. நம்ம மச்சான். முன்னாடி படியில நிப்பான்."

கண்டக்டர் வந்தார். "துண்டுக்கு அரை டிக்கெட்டுங்களா, முழுசுங்களா?"

"முழுசே அடிங்க. அவனுக்கும் சேத்து நான் குடுத்தர்றேன்."

காற்று முகத்தில் அடித்தது. எனக்குக் கண் செருகியது. தென்னைகள், செங்கல் சூளை, மறுபடி தென்னைகள். கனவில் பனைகள் ஒவ்வொன்றாக நடந்து போயின. அவை நின்ற இடத்தில் நிழல் மட்டும் கிடந்தது. பெரியவரின் போன் சத்தத்தில் விழித்தேன்.

"எங்கடா இருக்கற? ... முன்னாடி போற வண்டியிலயா! டேய், உனக்கு டிக்கெட் எடுத்தாச்சுடா!"

பஸ்ஸே சிரித்தது. நின்றிருந்த பெண் துண்டை மடித்து அவர் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "உங்க மச்சானப் பத்தரமா வெச்சுக்கோங்க."

"டிக்கெட் அடிக்கறதுக்கு முன்னால எந்த வண்டியிலயும் போகட்டுமுங்க," என்றார் கண்டக்டர். "அடிச்சதுக்கு அப்பறம் இந்த வண்டிதானுங்க!"

பெரியவர் அந்த டிக்கெட்டைப் பிடித்தபடியே வந்தார். கொடுக்க ஆளில்லாத டிக்கெட். காற்றில் அது படபடத்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையில் நிற்பவற்றை மட்டும்தான் நான் சரிசெய்திருந்தேன். அழைப்பு ஏற்கப்பட்டு, வேலை நடக்கும்போதே நேரம் தீர்ந்து விலகியவற்றை? பதில் அவற்றைத் தேடிப் போகும். அவை இருந்த இடத்தில் அதற்குள் வேறு எதுவோ குடியேறியிருக்கும். பதில் அதன்மேல் விழும், எல்லாம் நின்றுவிடும்.

கண்ணாடி மாற்றாமலே அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

ஏற்கப்படும்வரை விலகலாம், ஏற்றபின் நேரம் தீர்ந்தாலும் முடியும்வரை காத்திருக்கவேண்டும். விலகலா, ஏற்பா, எது முந்தியது என்பதை, வேறு எதுவும் இடையில் புகாதபடி ஒரே பூட்டுக்குள் முடிவுசெய்யவேண்டும். எழுதியது சில வரிகள்தான். ஓடவிட்டேன். ஞாயிறு முழுவதும் ஓடியது.

"அம்மிணி, சோறு ஆறுது," என்றார் கணவர் கீழிருந்து.

"வர்றேனுங்க. இன்னும் நிக்காம ஓடுதுங்க."

போகவில்லை. திரையில் பணிகள் உறங்கின, விழித்தன, எதுவும் நிற்கவில்லை. சற்று நேரத்தில், கீழே நாற்காலியை இழுக்கும் சத்தமும், பரணில் பெட்டி உரசி உள்ளே போகும் சத்தமும் கேட்டன.