இடது பக்கத்துப் பென்சில் கோடுகள்

என் அலமாரியின் அடித்தட்டில் ஒரு ரெக்கார்டு நோட்டு இருக்கிறது. பழுப்புத் தாள் அட்டை. லேபிளில் என் கையெழுத்தில் இன்னொருத்தரின் பெயர். உள்ளே வலது பக்கங்கள் கோடு போட்டவை. அவை முழுக்க முத்து முத்தாக என் எழுத்து. இடது பக்கங்கள் கோடில்லாத வெள்ளை, முப்பதும் காலி. காலியாக இருந்தவை அல்ல, நான் காலியாக்கியவை.

எண்பதுகளின் கடைசியில், மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் நடந்த குழந்தைப் பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்தேன். பத்தொன்பது வயது, பிளஸ் டூ முடித்த திமிர் வேறு. அங்கேதான் அக்காவைப் பார்த்தேன். உறவெல்லாம் இல்லை, வகுப்பிலேயே மூத்தவர் என்பதால் எங்கள் எல்லோருக்கும் அக்கா. கீழ்க்கட்டளையில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் எட்டு வருடமாக ஆயா. சான்றிதழ் இல்லாவிட்டால் அடுத்த வருடம் வேலை கிடையாது என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். மூன்றாம் வகுப்போடு நின்றவர் அவர். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், ஒரு வரி முடிவதற்குள் நெற்றி வேர்த்துவிடும். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு எழுத்துத் தேர்வு இல்லை, கவனிப்பு நோட்டும் நேர்முகமும் போதும் என்று தெரிந்துகொண்டு துணிந்து வந்திருந்தார்.

அந்தக் கவனிப்பு நோட்டுதான் எமன். ஒரே குழந்தையை முப்பது நாள் பார்த்து, நாளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும். அக்கா எடுத்துக்கொண்டது காப்பகத்தில் யாரிடமும் வாய் திறக்காத இரண்டரை வயதுப் பெண் குழந்தையை. காலையில் காப்பகம், மதியத்துக்குமேல் வகுப்பு. வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டின் இடது பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பிப்பார். அங்கே பென்சிலில் வட்டம், கோடு, புள்ளி என்று என்னென்னவோ கிறுக்கியிருப்பார். அதைப் பார்த்தால் போதும், அன்றைய காலை முழுவதும் அவர் வாயிலிருந்து வந்துவிடும். எத்தனை வாய் சாப்பிட்டது, யார் தூக்கினால் அழுகை நின்றது, எந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தது, ஒன்று விடாமல். அதைக் கேட்டு வலது பக்கத்தில் நான் எழுதுவேன்.

பன்னிரண்டாம் நாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "இன்னிக்கு இன்னா பண்ணிச்சி தெரியுமா பாப்பா? அது பிஸ்கோத்தப் பாதியா பிட்டு, பக்கத்துல குந்திகினு இருந்த புள்ள வாயில வச்சிச்சி!" நான் எழுதினேன்: 'குழந்தை இன்று சமூக மனப்பான்மையை வெளிப்படுத்தியது.' பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. படித்துக் காட்டினேன். அக்கா குனிந்து என் எழுத்தைப் பார்த்தார். "எல்லாம் நல்லாக்கீது. பிஸ்கோத்து எங்க கீது பாப்பா?" என்றார். அதெல்லாம் ரெக்கார்டில் எழுதக் கூடாது அக்கா என்றேன். பெரிய மேதாவி நான்!

நோட்டுகளை ஒப்படைக்கும் நாளில் அட்டை போடுவதற்காக அக்காவின் நோட்டை வாங்கினேன். ரெக்கார்டு சுத்தமாக இருந்தால் மதிப்பெண் கூடும் என்பது எங்கள் வகுப்பின் வேதம். இடது பக்கத்துக் கிறுக்கலையெல்லாம் ரப்பர் வைத்து அழித்தேன். முப்பது பக்கம். துகளை ஊதித் தள்ளிவிட்டு, அக்காவுக்கு ஒரு நல்லது செய்த சந்தோஷத்தோடு நேராக அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.

நேர்முகத்தன்று அக்காவுக்கு அடுத்து நான். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், கதவு திறந்தே இருந்தது. தேர்வாளர் நோட்டைப் புரட்டி, "பன்னிரண்டாம் நாள் குழந்தை என்னம்மா பண்ணுச்சு? நோட்டைப் பார்த்தே சொல்லலாம்" என்றார். நல்ல மாதிரிதான் கேட்டார். அக்கா ஆசையாக இடது பக்கத்தைப் பார்த்தார். வெள்ளைத் தாள். ஒரு பக்கம் திருப்பினார், இன்னொரு பக்கம் திருப்பினார். எல்லாம் வெள்ளை. அவருக்குள் முப்பது நாளும் ஒன்றோடொன்று கலந்துபோயிருக்க வேண்டும். கடைசியில் என் எழுத்தின்மேல் விரலை வைத்து, "ச... மூ..." என்று கூட்ட ஆரம்பித்தார். நெற்றி வேர்த்தது.

"இதை யார் எழுதினது?" என்றார் தேர்வாளர்.

அக்கா வாசல் பக்கம் திரும்பவே இல்லை. "எழுதுனது நான்தாம்மா. படிக்கத்தான் வரல" என்றார்.

நான் எழுந்து போயிருக்கலாம். அந்தக் கோடுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், இன்னொருத்தர் நோட்டை எழுதிக்கொடுத்ததற்காக என் சான்றிதழும் போய்விடும் என்று பயந்து பெஞ்சிலேயே ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பயம் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பேருந்து நிறுத்தத்தில் அக்கா நோட்டை என்னிடம் நீட்டினார். "நீயே வச்சிக்கோ பாப்பா, உன் எழுத்துதானே." கொஞ்சம் கழித்து, "அந்தக் கோட்டையெல்லாம் ஏன் கண்ணு அழிச்சே?" என்று கேட்டார். அசிங்கமாக இருக்குமென்று அழித்தேன் என்றேன். "ஓ" என்றார். அதில் கோபம் இல்லை, நான் அழுதுவிட்டேன். அவர்தான் என் கண்ணைத் துடைத்துவிட்டு வண்டி ஏறினார்.

சில மாதம் கழித்து அந்தக் காப்பகத்துக்குப் போனேன். அக்காவை நிறுத்திவிட்டிருந்தார்கள். படப்பைப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள், விலாசம் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் குழந்தை பல நாள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதாம். அங்கே அதை எழுதிவைக்க ஆள் இல்லை.

பிறகு நானே பயிற்சி ஆசிரியை ஆனேன். தொண்ணூறுகள் முழுக்க ரெக்கார்டு நோட்டுகள் திருத்தினேன். 'சமூக மனப்பான்மை' என்று யார் எழுதினாலும் அடித்துவிட்டு, குழந்தை என்ன செய்தது என்று கேட்பேன். கண்டிப்பான டீச்சர் என்று பெயர் வாங்கினேன். காரணம் யாருக்கும் சொன்னதில்லை.

நேற்று அந்த நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். அழுத்தி எழுதுகிற கை அக்காவுடையது. ரப்பர் கரியைத்தான் எடுத்திருக்கிறது, பள்ளம் அப்படியே இருக்கிறது. பன்னிரண்டாம் நாள்: ஒரு வட்டம், நடுவில் ஒரு கோடு, பக்கத்தில் சின்னதாக இன்னொரு வட்டம். பிஸ்கோத்து. அதற்கு அடுத்த நாள் மூன்று புள்ளி, ஒரு வளைவு. அதற்கடுத்து ஏதோ ஏணி மாதிரி. விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். முப்பது பக்கத்தையும் அழித்தது நான்தான். படிக்கத்தான் வரவில்லை.