மூளையில் கரண்டு

எங்கள் நரம்பியல் டாக்டர் வஹீத் பிஷ்பிஷிக்கு யாரையும் நம்பத் தெரியாது. நானும் அதில் சளைத்தவள் இல்லை. அதனால்தான் எகிப்தின் தந்தா நகரத்தில் அவருடைய கிளினிக்கில் வரிசை பார்க்கும் வேலையில் ஏழு வருடம் தாக்குப்பிடித்திருக்கிறேன்.

வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே, எப்படி நடக்கிறார், எந்தக் கையால் பொத்தான் போடுகிறார் என்று டாக்டர் கதவிடுக்கில் பார்த்துவிடுவார். அவருக்குப் படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் கட்டாயக் கிராமச் சேவை. பிறகு அலெக்சாந்திரியாவில் நான்கு வருடப் பயிற்சி. பட்டாளத்துக்குப் போகாமல் தப்பிக்க, வலிப்பு வந்ததுபோல் விழுந்து காட்டும் பையன்களை அங்கே நிறையப் பார்த்தாராம். நிஜ வலிப்பில் கண் திறந்திருக்கும், நடிக்கிறவன் இறுக மூடிக்கொள்வான் என்பார். நோயாளிகளைவிட மற்ற டாக்டர்கள் மேல்தான் அவருக்குச் சந்தேகம் அதிகம். யாராவது பழைய மருந்துச் சீட்டை நீட்டினால், எந்தக் கழுதை எழுதியது என்பதுதான் முதல் கேள்வி.

போன ஜனவரியில் ஒரு சாயங்காலம், உம்மு ஹனாதி என்ற அம்மாள் தன் மகள் ஹனாதியோடு வந்தாள். வியாழக்கிழமை பெண்ணுக்கு நிக்காஹ். பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்று மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட ஒரு காகிதம் வேண்டுமாம். ஒரு குறையும் இல்லாதவளை நரம்பு டாக்டரிடம் எதற்குக் கூட்டி வருகிறாள் என்று எனக்கு உறுத்தியது. டாக்டரின் பார்வையோ ஹனாதியின் காலில் நின்றுவிட்டது. நல்ல கம்பளி உடை, பட்டுத் தலைத்துணி, அந்தக் குளிரில் காலில் குளியலறை ரப்பர் செருப்பு.

செருப்பைப் பற்றிக் கேட்டார். தாய் மழுப்பினாள். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு மூளையில கரண்டு அதிகம் டாக்டர். ரப்பர் இல்லாம தரையில கால் வைக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லும். ஃபிரிட்ஜைத் தொட விடாது, சுவிட்சைத் தொட விடாது."

வலிப்பு என்று சொன்னால் ஊர் ஒதுக்கிவைக்கும் என்று எங்கள் பக்கத்து டாக்டர்கள் 'கரண்டு அதிகம்' என்று நாசூக்காகச் சொல்வது வழக்கம். உம்மு ஹனாதி அதை அப்படியே நம்பியிருந்தாள். இதில் மாப்பிள்ளைக்கு வயரிங் வேலை. விஷயம் தெரிந்தால் ஓடிவிடுவான் என்று தாய் அழுதாள்.

பத்து வயதிலிருந்து மாத்திரை. மாத்திரையில் ஹனாதியின் முடி கொட்டியது, கை நடுங்கியது, படிப்பும் நின்றது. டாக்டர் ஒவ்வொரு மயக்கத்தையும் துருவிக் கேட்டார். ரொட்டி வரிசையில் வெயிலில் நின்றபோது ஒருமுறை. பக்ரீதில் ஆடு அறுத்த ரத்தத்தைப் பார்த்து ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் முகம் வெளுத்து விழுவாள், படுத்த உடனே தெளிந்து தண்ணீர் கேட்பாள். மூளைக்கும் இதயத்துக்கும் அங்கேயே எடுத்த பதிவுகளில் ஒரு கோளாறும் இல்லை.

"இது வலிப்பே இல்லம்மா. வெறும் மயக்கம். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடலாம்" என்றவர் மேசையைத் தட்டினார். "எந்தக் கழுதை இதை வலிப்புன்னு எழுதினான்?"

கிராமத்து ஆரோக்கிய நிலையத்தில் ஒரு சின்ன டாக்டர், தலை நிறைய முடி, இரண்டு நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டான் என்றாள் தாய். பன்னிரண்டு வருடமாக மருந்துக்கடையில் காட்டிக் காட்டி நைந்த சீட்டை எடுத்து, பக்கத்தில் நின்ற என்னிடம் நீட்டினாள். பிரித்துப் பார்த்தேன். கரண்டுக்கு அரபியில் எழுதும் 'கஹ்ரபா' என்ற வார்த்தையின் முதல் எழுத்தில் வால் மேலே சுழன்றிருந்தது. தினமும் நான் படிக்கிற சுழி அது. சத்தம் போடாமல் மடித்துப் பைக்குள் போடப் பார்த்தேன்.

"என்னத்தை ஒளிக்கிறே இன்ஷிராஹ்?" என்று பிடுங்கிவிட்டார்.

படித்தார். வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். கிழித்துப் போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரையும் நான் அவ்வளவுதான் நம்பியிருந்தேன்.

"அந்தக் கழுதை நான்தாம்மா" என்றார்.

ஹனாதி அவரையே பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் என்று மட்டும் சொன்னாள். அவர் பேனாவை எடுத்து, மாப்பிள்ளை வீட்டுக்கான காகிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். உம்மு ஹனாதி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை மட்டும் எப்படி நம்புறது டாக்டர்?"

மற்ற டாக்டர்களை வாய் ஓயாமல் ஏசிய மனிதர், அலெக்சாந்திரியாவில் தன்னோடு பயிற்சி பெற்ற ஒருவரின் பெயரையும் முகவரியையும் எழுதினார். நாளைக்கே பார்க்கச் சொல்லி, தானே போன் பண்ணுவதாகச் சொன்னார்.

"அவரும் பார்க்கட்டும்மா. என்னை மட்டும் நம்பாதீங்க."

போகும்போது ஹனாதி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வெறுங்காலோடு சில்லென்ற தரையில் நடந்து போய்ச் சுவிட்சை அழுத்தினாள். தாய் பதறிக் கை நீட்டுவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. டாக்டர் இருட்டில் உட்கார்ந்திருந்தார். விளக்கைப் போடு என்று அவர் சொல்லவில்லை, நானும் போடவில்லை.