கோழிவலைத் தொட்டி

கட்டுக்கம்பியின் வெட்டிய முனை விரலில் ஏறினால் முதலில் ஒன்றும் தெரியாது. குழம்புச் சோற்றில் கை வைக்கும்போதுதான் சுரீரென்று எரியும். எனக்குப் பத்து வயதான அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் விரல் எரிந்துகொண்டிருந்தது. கச்சிராயபாளையத்துக்கு அப்பால், மலையடிவாரத்தில் இருந்த எங்கள் காலனிக்கு, மலை ஊற்றைக் குழாயில் இறக்கித் தேக்க ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொள்ள வெளியூர்த் தொண்டுக் குழு ஒன்று சாமான்கள் கொடுத்திருந்தது. செங்கல் கிடையாது. வட்டமாக நிறுத்திய கம்பிக் கூட்டின் மேல் கோழிக் கூண்டுக்கு அடிக்கும் "கோழிவலை"யை இரண்டு சுற்று இழுத்துக் கட்டி, சிமெண்டுக் கலவையை அப்பிவிட்டால் இரண்டு விரல் கனத்திலேயே சுவர் நின்றுவிடும் என்று கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த கொத்தனார் சொன்னபோது காலனியே சிரித்தது. கோழியையே நிறுத்தாத வலை தண்ணீரை நிறுத்துமா என்று கேட்ட என் சித்திதான், கம்பி முறுக்கும் குறட்டை முதலில் கையில் எடுத்தாள்.

அம்மா கட்டட வேலைகளுக்குப் போய்க் கம்பி கட்டிப் பழகியவள். அவளும் சித்தியும் நான்கே நாளில் ஓராள் உயரத்துக்கு மேல் கூட்டை நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்துக்கும் சாலைக்கும் நடுவே ஒரு புங்கமரம் நின்றது. அதன் கிளையொன்று கூட்டின் தலைக்கு மேலே நீண்டிருந்ததால், அதில் ஒரு கயிற்றைக் கட்டி அம்மா உள்ளே இறங்குவாள், ஏறுவாள்.

இட ஒதுக்கீடு கேட்டு ஊர்த்தெருக்காரர்கள் நடத்திக்கொண்டிருந்த போராட்டம் உச்சத்துக்கு வந்தது அந்த வாரம்தான். சாலை நெடுக மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் நின்றது, கொத்தனார் வருவதும் நின்றது. எங்கள் வீட்டு மூலையில் அடுக்கியிருந்த சிமெண்டு மூட்டைகளுக்கு இதெல்லாம் தெரியுமா? அவை பாட்டுக்கு ஈரம் குடித்துக்கொண்டிருந்தன. அடிமூட்டை அப்படியே கல்லாகிப் போயிருந்தது. மிச்சமும் கல்லானால் இன்னொரு தடவை யார் கொடுப்பார்கள்? மறுபடியும் கோடை முழுக்க அணை வாய்க்காலுக்குக் குடம் தூக்க வேண்டும். ஊர்த்தெருவில் பெரிய வீட்டுக்காரரின் வற்றாத கிணறு ஒன்று இருந்தது. அதில் நாங்கள் மொள்ளக்கூடாது. அதைப் பற்றிக் காலனியில் யாரும் பேசுவதுகூட இல்லை, அவ்வளவு பழகிப்போயிருந்தது. கொத்தனாருக்குக் காத்திருக்க வேண்டாம், நாமே பூசிவிடலாம் என்று அம்மா முடிவு செய்தாள்.

பூச்சு என்றால் நிறுத்தாமல் ஒரே நாளில் முடிக்க வேண்டும், பாதியில் விட்டால் அந்த ஒட்டில் ஒழுகும். விடிந்ததும் அம்மா கிளைக் கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கினாள். அவள் உள்ளிருந்து கலவையை வலைக்குள் அழுத்த, சித்தி வெளியிலிருந்து அதே இடத்தில் உள்ளங்கையை முட்டுக் கொடுத்து நிற்க, சுவர் சாண் சாணாக ஏறியது. சித்திக்கு அடுப்படி மெழுகிப் பழகிய கை, தேய்த்துக்கொண்டே இருப்பாள். தேய்க்காதே, அசையாமல் பிடி என்று உள்ளேயிருந்து அம்மா திட்டிக்கொண்டே இருப்பாள்.

மூன்று மணிவாக்கில் விளிம்பை எட்டியிருந்தோம். அப்போது பெரிய வீட்டுக்காரரின் மகன் நாலைந்து பேரோடு கோடாலி எடுத்துக்கொண்டு வந்தார். இந்தப் புங்கமரத்தையும் சாய்த்துவிட்டால் சாலை முழுக்க அடைபட்டுவிடும், எல்லோரும் விலகுங்கள் என்றார். அவர்கள் நிலத்தில்தான் அம்மா நடவுக்குப் போவாள். அவரை "ஆண்டை" என்றுதான் கூப்பிடுவாள். தொட்டிக்குள் ஆள் இருப்பது குரல் வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

"தம்பி, செவுரு ஈரமா கீது. மரம் இந்தப் பக்கம் சாஞ்சா உக்காந்துரும். நாளைக்கு வெட்டிக்கங்க."

தம்பி என்ற சொல்லைக் கேட்டதும் சித்தியின் கை நின்றுவிட்டது.

"தொட்டிக்கு இன்னா இப்போ அவ்ளோ அவசரம்? மொதல்ல வெளிய வா" என்றார் அவர்.

"உங்க வூட்டு கெணத்துல மொண்டுக்கோன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இந்த நிமிசமே வந்துர்றேன்."

அவர் தன்னோடு வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களும் தங்களுக்குக் கிடைக்காத ஒன்றைக் கேட்டுத்தான் சாலைக்கு வந்திருந்தார்கள் என்பது வளர்ந்த பிறகு புரிந்தது. அன்று எனக்குப் பயமும் கோபமும்தான். கோடாலியைக் கீழே வைத்துவிட்டு அவர் கயிறு கொண்டுவரச் சொன்னார். மரத்தில் கயிறு கட்டி, சாலைப் பக்கமாக இழுத்துச் சாய்த்தார்கள். தொட்டியில் ஒரு கீறல் விழவில்லை.

அவர்கள் போன பிறகுதான், கயிறு கட்டிய கிளையும் மரத்தோடு போய்விட்டது எங்களுக்கு உறைத்தது. விளிம்பில் கை ஊன்றாமல் அம்மா வெளியே வர முடியாது. ஊன்றினால் பூச்சு பெயர்ந்துவிடும். ஏணியை எதில் சாய்ப்பது? சித்தி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள், அப்புறம் அழுதாள். நீளக் கழியின் நுனியில் தூக்கைக் கட்டிக் கூழ் இறக்கினோம். கழி சுவரில் பட்டுவிடப் போகிறது என்று அதற்கும் அம்மா திட்டினாள். சுவரில் முதுகைச் சாய்க்காமல் நடுவிலேயே உட்கார்ந்திருந்தவளை, பூச்சு இறுகிய பிறகு, மறுநாள் காலையில்தான் ஏணி வைத்து வெளியே எடுத்தோம்.

இருபது வருடத்துக்கு மேல் அந்தத் தொட்டித் தண்ணீரைக் குடித்தோம். பிறகு சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் அதை இடித்தார்கள். இப்போது வீட்டுக்கு வீடு குழாய். போன பொங்கலுக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன்: கிணற்றில் மொண்டுகொள்ள அவர் அன்று சரி என்று சொல்லியிருந்தால், பூச்சை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்திருப்பாயா?

"வந்திருப்பேன்" என்றாள் யோசிக்காமல். "தொட்டி போனா போவுது. அந்த ஒரு வார்த்ததானே வேணும்."

அந்தக் கிணற்றையும் தூர்த்து மேலே கடை கட்டிவிட்டார்கள். கடைசிவரை நாங்கள் அதில் ஒரு குடம் மொள்ளவில்லை.