இரண்டு டிஸ்க், ஒரு படம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் பண்ணுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரனும் மனுஷன்தானே, சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் காலை நீட்டக் கூடாதா? அன்றைக்குக் கூப்பிட்டது பல்லக்கா.

"புது கம்ப்யூட்டர்ல படம் ஓட மாட்டேங்குதுங்க. அங்க தம்பி காத்துக்கிட்டிருக்கான். கொஞ்சம் வாங்களேன்."

பல்லக்கா என்பது எங்கள் கடையில் வைத்த பெயர். பல் கட்டும் லேபில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, அந்தந்த வாய்க்கு ஏற்ற பல்லைச் செய்து, தேய்த்து, நிறம் சேர்த்து அனுப்புவார். என்னை முதல் முதலாகப் பார்த்த அன்றே, "காபியைக் கொஞ்சம் குறைங்க" என்றார். அதிலிருந்து நான் அவர் முன்னால் வாய்விட்டுச் சிரிப்பதில்லை.

அந்தக் கண்ணுக்கு நெட்டில் வரும் படம் ஆகாது. "கறுப்பெல்லாம் சாம்பலா இருக்கு" என்பார். ஃபோர்-கே டிஸ்க்தான் வேண்டும். அதையும் இரண்டாக வாங்குவார். ஒன்று தனக்கு, இன்னொன்று கடல் தாண்டி வேலை பார்க்கும் தம்பிக்கு, பார்சலில். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இருவரும் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி ஒரே நேரத்தில் பட்டனை அமுக்குவார்கள். படம் முடியும்வரை லைன் கட் ஆகாது. அப்பா அம்மா போன பிறகு அந்த இரண்டு பேருக்கும் மிஞ்சிய சொந்தம் அவ்வளவுதான்.

போனேன். பெரிய டிவி, அதற்கு எதிரே மூன்று பேர் உட்காரும் சோபா. அதில் ஒரு ஓரம் மட்டும் குழிந்திருந்தது. மற்ற இரண்டு இடமும் கடையிலிருந்து வந்த மேனிக்கு விறைப்பாக இருந்தன.

டிஸ்க்கைப் போட்டால் சுற்றியது, முனகியது, பிறகு கறுப்புத் திரையில் 'இந்தக் கருவியில் இயக்க முடியாது' என்று ஒரு வரி. கேபிளை மாற்றினேன். அதே வரி. பிளேயர் சாப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். அதே வரி. டிஸ்க்கைத் துடைத்தேன், டிரைவைக் கழற்றி மாட்டினேன், டிவியின் செட்டிங்கைப் பார்த்தேன். எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. காசு கொடுத்து வாங்கிய படத்தைப் பார்க்க இத்தனை பேரிடம் அனுமதி கேட்க வேண்டுமா? டிரைவ், சிப், கேபிள், டிவி, இவற்றில் ஒருத்தர் தலையாட்டாவிட்டாலும் படம் கிடையாது. இந்த டிஸ்க்கைக் கண்டுபிடித்த புண்ணியவான் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்.

"ரொம்பப் புதுசுன்னு சொல்லித்தானே வாங்கினேன்?" என்றார் பல்லக்கா.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. புதுசுதான் வினையே. இந்த டிஸ்க்கின் பூட்டைத் திறக்க ஒரு பாகம் சிப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். பழைய சிப்பில் அது உண்டு. புதிதாக வருகிறவற்றில் தூக்கிவிட்டார்கள். தலைகீழாக நின்றாலும் இந்தக் கம்ப்யூட்டரில் ஓடாது.

சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்போ இனிமே ஞாயித்துக்கிழமை?"

"சும்மா பேசிக்கிட்டிருங்க. தம்பிதானே?"

"படம் இல்லாம நாங்க என்னத்தைப் பேசுறது? சாப்பிட்டியாம்பான், சாப்பிட்டேம்பேன். வேலை எப்படின்னு கேட்டா நல்லாருக்கும்பான். அதோட முடிஞ்சிடும். அப்புறம் ஒவ்வொரு வாரமா விட்டுப் போயிடும். எனக்குப் பயமா இருக்குங்க."

பழைய கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டேன். சத்தம் போடுகிறது என்று பால்கனியில் கொண்டுபோய் வைத்து, அதன் தலையில் ஒரு செடித்தொட்டியையும் ஏற்றியிருந்தார். நல்ல வேளை, குப்பைக்குப் போகவில்லை. "தூசியைத் தட்டி ஃபேனை மாத்திடறேன். கொஞ்சம் டீ குடுங்கக்கா" என்றேன். அவர் சமையலறைக்குப் போனார்.

மேஜைமேல் கிடந்த போனிலிருந்து குரல் வந்தது. இத்தனை நேரமும் லைனில் இருந்திருக்கிறான்.

"சார், சரியாயிடுமா?"

"ஆயிடும். உங்க பக்கம் என்ன பிளேயர் வச்சிருக்கீங்க? அதையே அக்காவுக்கும் ஒண்ணு வாங்கிட்டா இந்தத் தலைவலியே இருக்காது."

அவன் குரல் சட்டென்று கிசுகிசுப்பானது.

"அக்கா பக்கத்துல இருக்காங்களா?"

"உள்ள இருக்காங்க."

"எங்கிட்ட பிளேயரே இல்லை சார். ஆறு பேர் தங்குற ரூமுக்கு மாறினப்போ டிவியோட சேர்த்து வித்துட்டேன். அக்கா அனுப்புற டிஸ்க்கெல்லாம் பிரிக்காம கட்டிலுக்கு அடியில இருக்கு. சொல்லிடாதீங்க, பாவம், ஆசையா அனுப்புது."

"அப்போ ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க?"

"ஹெட்போன்ல படம் கேக்கறேன்னு சொல்லி வச்சிருக்கேன். மத்தவங்க வெளிய போயிடுவாங்க. நான் சுவரைப் பார்த்து உக்காந்திருப்பேன். அது சிரிச்சா நானும் சிரிப்பேன். வாரத்துல என்னோட யாராவது பேசுறது அப்போ மட்டும்தான் சார்."

பல்லக்கா டீயோடு வந்தார். நான் ஸ்குரூவைத் தேடுகிற மாதிரி தரையைப் பார்த்தேன்.

டிரைவைப் பழையதில் மாட்டி, கேபிளைச் சொருகினேன். டிஸ்க் சுற்றியது, முனகியது, பிறகு திரை நிறைய ஒரு மழைத் தெரு. கறுப்பு நிஜமாகவே கறுப்பாக இருந்தது. பல்லக்கா கைதட்டினார், சின்னப் பிள்ளை கெட்டது போங்கள். "அப்டேட் பண்ணவான்னு கேக்கும், எதுக்கும் சரின்னு சொல்லாதீங்க" என்று எச்சரித்துவிட்டுப் பையை மூட்டை கட்டினேன்.

வாசல்வரை கூடவே வந்தார். கதவைப் பாதி சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அவங்கிட்ட பிளேயர் இல்லைன்னு உங்ககிட்ட சொல்லிட்டானா?"

நான் திருதிருவென்று விழித்தேன்.

"நான் சிரிச்ச பிறகுதான் அவன் சிரிப்பான். ரொம்ப நாளா சந்தேகம். போன படத்துல ஒரு சாவு வீட்டுக் காட்சி. எல்லாரும் அழுறாங்க. நான் வேணும்னே கடகடன்னு சிரிச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவனும் சிரிச்சான்."

"அப்புறமும் எதுக்குக்கா ரெண்டு டிஸ்க் வாங்கறீங்க?"

"ஒண்ணை நிறுத்தினா அவனுக்குத் தெரிஞ்சிடுமே."

கதவு சாத்திக்கொண்டது. படிக்கட்டில் இறங்கும்போது உள்ளேயிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது கேட்டது. பிறகு அவர் குரல், காது கேட்காதவருக்குச் சொல்கிற மாதிரி உரக்க.

"டேய், மழையைப் பார்த்தியா, எப்படிக் கொட்டுது! அந்தச் சிவப்புக் கோட்டுக்காரி குடையை மறந்துட்டுப் போறா பாரு. அதோ, கிழவன் ஒருத்தன் திரும்பிப் பார்க்கிறான்..."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்க்கா" என்றான் தம்பி.